"ஃபார் லூப் தெரிஞ்சிருக்கணும், மெயில் அனுப்பத் தெரிஞ்சிருக்கணும்": இப்படி கேக்குற டெவலப்பர் வேலைக்கு அப்ளை பண்ணலாமா?

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு ஊர் விருதுநகர் பக்கம். பி.இ. சிஎஸ்இ முடிச்சிட்டு மதுரையில ஒரு சின்ன கம்பெனியில ரெண்டு வருஷமா ஜாவா, ஸ்பிரிங் பூட்ல வேலை பாக்குறேன். இப்போ வேற இடம் தேடிட்டு இருக்கேன். போன வாரம் ஒரு சாஃப்ட்வேர் டெவலப்பர் விளம்பரம் பாத்தேன். கம்ப்யூட்டர் அடிப்படை அறிவு, ஃபைல் ஃபோல்டர் உருவாக்கத் தெரியணும், எம்எஸ் ஆபீஸ் குறிப்பா எக்செல், மெயில் அனுப்பத் தெரியணும், இன்டர்நெட்ல தேடத் தெரியணும், நல்ல டைப்பிங் ஸ்பீடு, புரோகிராமிங்ல முதல் பாடமான இஃப் எல்ஸ், ஃபார் லூப் தெரியணும்னு வரிசையா போட்டு, கடைசியா ஒரே வரியில ஜாவா, எஸ்க்யூஎல்னு முடிச்சிருந்தாங்க. சமையல் மாஸ்டர் வேணும், அடுப்பு பத்த வைக்கத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்ன மாதிரி இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் பாத்துட்டு சிரிக்கிறாங்க. அப்பாவோ, இவ்ளோ ஈஸியா கேக்குறாங்களே, உனக்குத்தான் கிடைக்கும், போடுங்கிறார். எனக்கு என்னமோ படிச்சதுக்கே அவமானமா இருக்கு. அப்ளை பண்ணலாமா? பண்ணினா இதையெல்லாம் ரெஸ்யூமேல எழுதணுமா, எழுதலைன்னா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?

பதில்:

முதல்ல நேரா பதில் சொல்லிடுறேன்ம்மா. அப்ளை பண்ணுங்க, ஆனா ஒரு போன் பேசிட்டு பண்ணுங்க. ரெஸ்யூமேல ஃபார் லூப், மெயில், இன்டர்நெட் இதெல்லாம் ஒரு எழுத்து கூட வேண்டாம். அவமானப்பட இதுல ஒண்ணுமே இல்ல, ஏன்னா அந்த லிஸ்ட்டை உங்க படிப்பை மனசுல வச்சு யாரும் எழுதல. நான் ரொம்ப வருஷமா ஆள் எடுக்குற பக்கம் உக்காந்திருக்கேன், இந்த மாதிரி லிஸ்ட் எப்படி உருவாகுதுனு கிட்ட இருந்து பாத்திருக்கேன். ஒவ்வொரு வரியையும் யார் எழுதியிருப்பாங்க, அந்த இடத்துல என்ன நடந்திருந்தா எழுதியிருப்பாங்கனு யோசிச்சு படிச்சா அந்த விளம்பரமே கம்பெனியைப் பத்தி நிறைய சொல்லிடும்.

பெரும்பாலும் நடக்குறது இதுதான். டீம் லீடு ஹெச்ஆர்கிட்ட போய் ஜாவா தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும், சீக்கிரம்னு சொல்லிட்டு மீட்டிங்குக்கு ஓடிடுவார், ஹெச்ஆர்ல இருக்குறவங்க பழைய ஃபைல்ல இருந்து ஒரு ஜேடி, அதாவது வேலை விவரக் குறிப்பு, எடுப்பாங்க, அது நாலு வருஷம் முன்னாடி ஆபீஸ் அசிஸ்டென்ட்டுக்கு போட்டதா இருக்கலாம், அதுல மேல இருக்குற பொதுவான வரிங்க அப்படியே நிக்கும், கீழ ஜாவா சேரும், அப்புறம் கன்சல்டன்சிக்கு போகும், அவங்க பங்குக்கு ரெண்டு வரி சேப்பாங்க. சேக்குறதுக்கு எல்லாரும் இருக்காங்க, எடுக்குறதுக்கு யாரும் இல்ல. எடுத்துட்டு நாளைக்கு ஏதாவது ஆனா யார் பதில் சொல்றதுனு ஒரு பயம். நீங்க சொன்ன விளம்பரத்துல ஜாவாவும் எஸ்க்யூஎல்லும் கடைசியில போய் ஒட்டிக்கிட்டு இருக்குறதைப் பாத்தா எனக்கு இந்த மாதிரிதான் தோணுது.

ஆனா எல்லா வரியும் இப்படி தூங்கிட்டே வந்து சேந்த வரி இல்ல. சிலது அனுபவத்துல அடிபட்டு எழுதுன வரி. லூப் விஷயத்தை எடுத்துக்கோங்க. 2007-ல இம்ரான் கோரினு ஒரு புரோகிராமர், ஆள் எடுக்கும்போது தான் கேக்குற ஒரு சின்ன கணக்கைப் பத்தி எழுதினார். 1-ல இருந்து 100 வரைக்கும் பிரிண்ட் பண்ணணும், 3-ஆல வகுபட்டா ஃபிஸ், 5-ஆல வகுபட்டா பஸ், ரெண்டாலயும் வகுபட்டா ஃபிஸ்பஸ். அவ்ளோதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச நிறைய பேரால இதைக்கூட சட்டுனு எழுத முடியலைனு அவர் சொன்னதை ஜெஃப் அட்வுட்ங்கிற புரோகிராமர் தன்னோட பிளாக்ல எடுத்து எழுதப்போய் உலகம் முழுக்க பரவுச்சு, இன்னைக்கு வரைக்கும் இன்டர்வியூல கேக்குறாங்க. அதுல ஒரு சின்ன இடறல் இருக்கு, 3-ஐ முதல்ல செக் பண்ணி இஃப் எல்ஸ் சங்கிலி போட்டீங்கன்னா 15-க்கு ஃபிஸ்னு மட்டும்தான் வரும், ஃபிஸ்பஸ் வரவே வராது, அதனால ரெண்டாலயும் வகுபடுதானு முதல்ல பாக்கணும். இதை யோசிச்சு எழுதுறவங்களுக்கும் மனப்பாடம் பண்ணி எழுதுறவங்களுக்கும் உள்ள வித்தியாசம் அஞ்சே நிமிஷத்துல தெரிஞ்சுடும். நானே பாத்திருக்கேன், ரெஸ்யூமேல மைக்ரோசர்வீஸ், கிளவுட், மெஷின் லேர்னிங்னு ரெண்டு பக்கத்துக்கு இருக்கும், ஒரு லிஸ்ட்ல பெரிய நம்பரை கண்டுபிடிங்கனு சொன்னா கை அப்படியே நின்னுடும். பயத்துல நிக்கிறவங்களும் உண்டு, அவங்களுக்கு தண்ணி குடுத்து பத்து நிமிஷம் விட்டா எழுதிடுவாங்க. ஆனா நிஜமாவே எழுதத் தெரியாதவங்களும் உண்டு. அந்த மாதிரி பத்து இன்டர்வியூ எடுத்து நொந்து போன ஒருத்தர்தான் லூப் தெரிஞ்சிருக்கணும்னு விளம்பரத்துலயே போடுவார். தெரியாதவங்க அதைப் படிச்சிட்டு அப்ளை பண்ணாம இருக்கப் போறதில்ல, அதனால அந்த வரியால அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லங்கிறது வேற விஷயம். அவர் அதை விளம்பரத்துல இருந்து எடுத்துட்டு பதினஞ்சு நிமிஷ டெஸ்ட்டா வச்சிருக்கணும்.

ஃபைல் ஃபோல்டர் வரியைப் பாத்து உங்க ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சிருப்பாங்க, எனக்கு சிரிப்பு வரலை. நம்ம ஊர் காலேஜ் லேப் எப்படி இருந்துச்சுனு நினைச்சுப் பாருங்க. டர்போ சி, நீல ஸ்கிரீன், கன்ட்ரோல் எஃப்9 அமுக்குனா ரன் ஆகும், ஆல்ட் எஃப்5 அமுக்குனா அவுட்புட் தெரியும், ரெக்கார்ட் நோட்டுல எழுதி சைன் வாங்கினா முடிஞ்சுது. எழுதுன ஃபைல் டிசி பின் ஃபோல்டருக்குள்ள எங்கயோ போய் உக்காந்திருக்கும், அது எங்க இருக்குனு தெரியாமலே செமஸ்டர் முடிஞ்சு போன பிள்ளைங்க எத்தனை பேர். அதுக்கப்புறம் வந்த பிள்ளைங்க முழுக்க போன்ல வளந்தவங்க, போன்ல ஃபோல்டர்னு ஒண்ணை தேடி திறக்குற பழக்கமே கிடையாது, தேடுனா வரும், இல்ல கேலரியில இருக்கும். இது நம்ம ஊர் குறை மட்டும் இல்ல. 2021-ல தி வெர்ஜ்ங்கிற டெக் செய்தித் தளத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, அமெரிக்காவுல இன்ஜினியரிங், சயின்ஸ் சொல்லித்தர்ற பேராசிரியர்களே, ஃபைலை எங்க சேவ் பண்ணீங்கனு கேட்டா பசங்களுக்கு கேள்வியே புரியலைனு சொல்லியிருந்தாங்க. அப்படி வர்ற ஒரு ஃப்ரெஷரை நேரா ஜாவா புராஜெக்ட்ல உக்கார வச்சா என்ன ஆகும்? ஜாவா எங்க இருக்குனு கம்ப்யூட்டருக்கு சொல்ற பாத் செட் பண்ணத் தெரியாது, பேக்கேஜ் பேரும் ஃபோல்டர் பேரும் ஒண்ணா இருக்கணும்னு ஏன் சொல்றாங்கனு புரியாது, கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட்டை ஆரம்பிக்கிற கிட் இன்னிட் கமாண்டை டெஸ்க்டாப் முழுசுக்கும் போட்டு வச்சிடுவாங்க. தப்பு அந்தப் பிள்ளைங்க மேல இல்ல, யாரும் சொல்லித் தரலை. விளம்பரத்துல அந்த வரி இருந்தா அந்த கம்பெனி நிறைய ஃப்ரெஷர்ஸ் எடுக்குற இடம், அதுல கஷ்டப்பட்ட இடம்னு ஒரு குறிப்பு கிடைக்குது உங்களுக்கு. உங்களுக்கு ரெண்டு வருஷ அனுபவம் இருக்கு, அங்க போனா அந்தப் பிள்ளைங்களுக்கு சொல்லித்தர்ற பொறுப்பு உங்க தலையில வரலாம். அது உங்களுக்கு பிடிக்குமானு இப்பவே யோசிச்சுக்கோங்க.

எக்செல் வரியைப் பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசணும், ஏன்னா டெவலப்பர்ஸ் ரொம்ப லேசா நினைக்கிறது அதைத்தான். 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல என்ன நடந்துச்சுனு தெரியுமா? கொரோனா டெஸ்ட் ரிசல்ட் லேப்ல இருந்து சிஎஸ்வி ஃபைலா, அதாவது கமா போட்டு பிரிச்ச வெறும் டெக்ஸ்ட்டா வரும், பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்துல அதை பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மேட்ல ஏத்திட்டு இருந்தாங்க. அந்த பழைய ஃபார்மேட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான் நிக்கும், மிச்சம் விழுந்துடும். அப்படி விழுந்ததுல 15,841 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் தினக் கணக்குல வராமப் போச்சு, அவங்க கூட பழகுனவங்களை தேடிக் கண்டுபிடிக்குற வேலை அவ்வளவும் தாமதமாச்சு. புது எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல 10,48,576 வரிசை வரைக்கும் நிக்கும், அதுக்கும் ஒரு எல்லை இருக்குங்கிறதை மறக்கக்கூடாது. அதே 2020-ல, மனுஷ ஜீன்களுக்கு பேர் வைக்கிற கமிட்டி கொஞ்சம் ஜீன்களோட பேரையே மாத்துச்சு, ஏன்னா மார்ச்1, செப்ட்1னு அடிச்சா எக்செல் அதை தேதியா மாத்திடுது.

நம்ம வேலையில இது தினசரி வரும். கஸ்டமர் அனுப்புற சிஎஸ்வியை எக்செல்ல திறந்து சேவ் பண்ணினா முன்னாடி இருக்குற சைபர் போயிடும், கஸ்டமர் ஐடி 00457 போய் 457 ஆயிடும், நீளமான அக்கவுண்ட் நம்பர் ஈ பிளஸ்னு சுருங்கிடும், 15 இலக்கத்துக்கு மேல இருந்தா மிச்ச இலக்கம் சைபரா மாறி நம்பரே தப்பாயிடும், திரும்ப கொண்டு வரவே முடியாது. தமிழ்ப் பேர் இருக்குற சிஎஸ்வியை டபுள் கிளிக் பண்ணி திறந்தா முழுக்க கிறுக்கல் கிறுக்கலா வரும், தமிழ் எழுத்தை சரியா வச்சிருக்குற யூடிஎஃப்8 ஃபைல்தான், ஆனா அது யூடிஎஃப்8னு அடையாளம் சொல்ற பிஓஎம் (BOM) குறி முன்னாடி இல்லாததால எக்செல் வேற எதோனு நினைச்சு படிக்குது. இது தெரியாம டேட்டாபேஸே கெட்டுப் போச்சுனு ஒரு நாள் முழுக்க தேடுறவங்களை பாத்திருக்கேன். அதனால எக்செல்னு போட்டிருக்குற வரியைப் பாத்து அவமானப்படாதீங்க, அந்த கம்பெனியோட கஸ்டமர்ஸ் எக்செல்லதான் டேட்டா அனுப்புறாங்கனு அதுல இருந்து தெரிஞ்சுக்கோங்க. நீங்க அதை ஜாவாவுல படிச்சு, சரிபாத்து, டேட்டாபேஸ்ல ஏத்துற வேலை பாத்திருந்தா, ரெஸ்யூமேல எம்எஸ் ஆபீஸ்னு எழுதாம அப்படியே அந்த வேலையை எழுதுங்க.

இனி டைப்பிங் ஸ்பீடும் மெயிலும். இங்கதான் எனக்கு கொஞ்சம் சந்தேகம் வருது. டெவலப்பர் வேலையில டைப்பிங் ஒரு தடையா இருக்குறது ரொம்ப அபூர்வம், யோசிக்கிற நேரம்தான் அதிகம். டைப்பிங், மெயில், இன்டர்நெட் இந்த மூணும் சேந்து வந்து, கூட எந்த வெர்ஷன், எந்த ஃபிரேம்வொர்க், என்ன புராடக்ட்னு ஒரு வார்த்தையும் இல்லைன்னா, வேலையோட பேர் டெவலப்பர், உக்கார வைக்கிறது டேட்டா என்ட்ரியில, அப்படி ஆகுற வாய்ப்பு இருக்கு. சேந்த பிறகு ஆறு மாசம் பேங்க் ஃபாரம் டைப் பண்ணிட்டு வெளிய வந்தவங்க என்கிட்ட அழுதிருக்காங்க. அதனாலதான் போன் பண்ணிட்டு அப்ளை பண்ணுங்கனு சொன்னேன்.

போன்ல என்ன கேக்கணும்னா, டீம்ல எத்தனை டெவலப்பர்ஸ், கோடு கிட்ல இருக்கா, யார் ரிவ்யூ பண்ணுவாங்க, ஜாவா எந்த வெர்ஷன், நான் சேந்தா முதல் மூணு மாசம் என் கையில என்ன வேலை இருக்கும். ஹெச்ஆர்ல இருக்குறவங்களுக்கு இதுக்கு பதில் தெரியாம இருக்கலாம், அது குத்தம் இல்ல, டெக்னிகல் ஆள்கிட்ட ஒரு பத்து நிமிஷம் பேச முடியுமானு மரியாதையா கேளுங்க. ஜாவா 8னு சொன்னா பயப்பட வேண்டாம், அது 2014-ல வந்ததுதான், ஆனா இன்னும் நிறைய இடத்துல ஓடிட்டு இருக்கு. கேட்டதுக்கே கோபப்பட்டு, முதல்ல வாங்க அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னா விட்டுடுங்க. டிரெய்னிங் ஃபீஸ், டெபாசிட்னு பணம் கேட்டா அங்கயே போனை வச்சிடுங்க, உங்களுக்கு வேலை குடுக்குறவங்க உங்ககிட்ட பணம் வாங்குறதுக்கு ஒரு நியாயமும் இல்ல. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவோம்னா குடுக்காதீங்க, காட்டிட்டு காப்பி குடுத்துட்டு திரும்ப கையோட வாங்கிட்டு வாங்க. பாண்டு கேட்டா எழுத்துல வாங்கி நிதானமா படிங்க. பாண்டெல்லாம் கோர்ட்டுல நிக்காது, கையெழுத்து போட்டுட்டு போனு உங்க வயசு பிள்ளைங்க சொல்லுவாங்க, அதை நம்பாதீங்க. 2025 மே மாசம் விஜயா பேங்க் கேஸ்ல, மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்ங்கிற பாண்டு செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. அது பப்ளிக் செக்டர் பேங்க், அந்த சூழ்நிலை வேற, இருந்தாலும் தொகையும் காலமும் என்னனு தெரியாம கையெழுத்து போடக்கூடாது.

அப்பா சொன்னதுக்கு வரேன். ஈஸியா கேக்குறதால உனக்குத்தான் கிடைக்கும்னு அவர் சொல்றது பாசத்துல சொல்றது, ஆனா கணக்கு அப்படி வேலை செய்யாது. ஈஸியா கேட்டா எல்லாரும் அப்ளை பண்ணுவாங்க, கூட்டம் அதிகமாகும், அந்தக் கூட்டத்துல உங்க ரெஸ்யூமேயை கண்டுபிடிக்கிறது கஷ்டமாகும். அப்புறம் சம்பளம் பேசும்போது, நாங்க கேட்டதே பேசிக்தான்னு சொல்லி குறைக்கப் பாப்பாங்க. அப்போ அந்த லிஸ்ட்டை வச்சு பேசாதீங்க, நீங்க செய்யப் போற வேலையை வச்சு பேசுங்க. டெக்னிகல் ஆள்கிட்ட முன்னாடியே பேசி வச்சிருந்தா இங்க கை குடுக்கும்.

நேர் எதிரா இன்னொரு வகை விளம்பரமும் உங்க கண்ணுல படும், அதுலயும் மனசு உடையாதீங்க. ஃபாஸ்ட்ஏபிஐங்கிற பைத்தான் ஃபிரேம்வொர்க்கை உருவாக்குன செபாஸ்டியன் ராமிரெஸ் 2020 ஜூலையில ட்விட்டர்ல போட்டிருந்தார், ஒரு வேலைக்கு ஃபாஸ்ட்ஏபிஐல நாலு வருஷ அனுபவம் கேக்குறாங்க, தன்னால அப்ளை பண்ண முடியலை, ஏன்னா அதை உருவாக்கியே ஒன்றரை வருஷம்தான் ஆகுதுனு. உங்க பக்கம் பாத்தா ஸ்பிரிங் பூட் 3 வந்தது 2022 நவம்பர்ல, அதுக்கு ஜாவா 17 வேணும், யாராவது அதுல பத்து வருஷம் கேட்டா அது நடக்காத காரியம். ரொம்ப கீழ கேக்குறவங்களும் ரொம்ப மேல கேக்குறவங்களும் பண்றது ஒண்ணுதான், வேலை தெரிஞ்ச ஆளை உக்கார வச்சு அந்த லிஸ்ட்டை எழுதலை. இது ஆள் எடுக்குறவங்க எல்லாருக்குமே நான் சொல்ல நினைக்கிறது. உங்க லிஸ்ட்டைப் பாத்து ஒரு நல்ல பொண்ணு ஊர்ல உக்காந்து, நான் இவ்ளோதானானு யோசிக்குது. இன்னொரு இடத்துல இன்னொரு பையன், எனக்கு தகுதி இல்லனு லேப்டாப்பை மூடி வைக்கிறான். அரை மணி நேரம் டீம் லீடு கூட உக்காந்து எழுதுனா ரெண்டும் நடக்காது.

ஒரு விஷயத்துல மட்டும் இதுவரை நான் சொன்னதை பின்பற்றாதீங்க, அது அரசு வேலை. அங்க தகுதிங்கிறது விதியில எழுதி வச்சது, ஒவ்வொரு வரியும் எழுத்துப்படி பாப்பாங்க, பேசி மாத்த முடியாது. உதாரணத்துக்கு டைப்பிஸ்ட் வேலைனா டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணுன சர்டிபிகேட் கேப்பாங்க, இங்கிலீஷ்ல லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துற கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. நான் பி.இ., எனக்கு வேர்டு எக்செல் தெரியாதானு அங்க வாதாடுனா எடுபடாது. எந்த அரசு அறிவிப்பா இருந்தாலும் அடிப்படைனு தோணுற வரியைத்தான் ரெண்டு தடவை படிக்கணும், என்ன சர்டிபிகேட் கேக்குறாங்கனு அதுலதான் இருக்கும்.

கடைசியா ரெஸ்யூமே. லூப், மெயில் எழுதலைன்னா ரிஜெக்ட் ஆயிடுமோனு பயப்படுறீங்க. ரெஸ்யூமேயை வடிகட்டுற சாஃப்ட்வேர் இருக்குறது உண்மைதான், ஆனா அதுல தேடுறவங்க ஜாவா, ஸ்பிரிங் பூட், எஸ்க்யூஎல்னுதான் அடிப்பாங்க, இஃப் எல்ஸ்னு யாரும் அடிக்க மாட்டாங்க. அதனால ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3, போஸ்ட்கிரெஸ் இப்படி நீங்க நிஜமா தொட்டதை வெர்ஷனோட எழுதுங்க. நீங்க செஞ்ச ஒரு வேலையை, என்ன பிரச்சனை, எப்படி சரி பண்ணீங்கனு ரெண்டு வரியில எழுதுங்க. அடிப்படை உங்களுக்கு உறுதியா இருக்குனு காட்டுற விஷயங்கள் எந்த விளம்பரத்துலயும் வராது, இன்டர்வியூலதான் தெரியும். ஜாவாவுல எர்ரர் வந்தா நூறு வரி கொட்டும், அதுல கடைசியா வர்ற காஸ்டு பைங்கிற வரியில இருந்து தேட ஆரம்பிக்கணும்னு தெரியுமா, ஒரு பிரச்சனையை கேக்கும்போது ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்து அனுப்பாம எர்ரரை டெக்ஸ்ட்டா அனுப்பி, என்ன பண்ணுனேன், என்ன எதிர்பாத்தேன், என்ன வந்துச்சுனு மூணு வரி எழுதத் தெரியுமா, சர்வர் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துல ஓடுது, நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னாடினு ஞாபகம் இருக்குமா. நான் ஆள் எடுக்கும்போது இதைத்தான் பாப்பேன், இது இருந்தா மிச்சத்தை சொல்லிக் குடுத்துடலாம்.

உங்க கோடு போட்டு வச்சிருக்குற கிட்ஹப் தளத்தோட லிங்க் குடுக்குறதா இருந்தா அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள போய் பாருங்க. அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸ் ஃபைல்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே கிடக்குதானு. கிடந்தா, அழிச்சிட்டு புதுசா கமிட் போட்டா, அதாவது மாத்தினதைப் பதிஞ்சு வச்சா, போதும்னு நினைக்காதீங்க, பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும், யார் வேணா எடுத்துப் பாக்கலாம். முதல்ல அந்த பாஸ்வேர்டையே மாத்துங்க, அப்புறம் ஹிஸ்டரியை சுத்தம் பண்ணுங்க, ரீட்மீல புராஜெக்ட்டை எப்படி ரன் பண்றதுனு நாலு வரி எழுதுங்க, அதுக்கப்புறம் லிங்க்கை ரெஸ்யூமேல போடுங்க.